முழங்கையில் ஒரு கூடுதல் எலும்பு: ஆற்காடு சாலை ஸ்கேன் மையம் பற்றிய மதிப்புரை

ஆற்காடு சாலையில் வடபழனியைத் தாண்டி வளசரவாக்கம் நோக்கிச் செல்லும்போது, மெட்ரோ தூண்களுக்கு இடையே பாதி மறைந்து தெரியும் பெயர்ப்பலகைகளுள் ஒன்று, மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இயங்கும் ஸ்கேன் மையத்துடையது. முழங்கை மூட்டைப் படமெடுத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு, அதிலும் குறிப்பாக, எலும்புத் துண்டு ஒன்று தனியாக நிற்கிறது என்று வேறெங்கோ சொல்லப்பட்டுக் கலங்கியிருப்பவர்களுக்கு, இந்த மையத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அதன் அலுவலக நடைமுறைகளைப் பற்றிச் சில கடுமையான சொற்களையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால், பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்த அடையாளமே போதும். மற்றவர்கள் தங்கள் பக்கத்து மையத்தை எடைபோட இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நான் கே.கே. நகரில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். ஆள் அனுப்பினால் கமிஷன் கொடுக்கும் வழக்கம் இந்த ஊரில் உண்டு என்பதால், நான் எந்த மையத்திடமிருந்தும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இம்முறை நான் அழைத்துச் சென்றது என் மைத்துனரை. வயது முப்பத்து நான்கு. வாரயிறுதிகளில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுபவர். சில மாதங்களாக அவருடைய வலது கை முழுமையாக நீளவில்லை. நீட்டும்போது கடைசிச் சில பாகைகளில் ஏதோ முட்டுவதுபோல் நின்றுவிடும், அந்த இடத்தில் முழங்கையின் பின்புறம் சுருக்கென்று வலிக்கும். விழுந்ததும் இல்லை, அடிபட்டதும் இல்லை. வீட்டுக்கு அருகில் வேறொரு மையத்தில் எடுத்த எக்ஸ்-ரேக்கு, முழங்கையின் பின்முனையான முட்டெலும்பில் முறிவு, பிரிந்த துண்டு மூட்டுக்குள் கிடக்கிறது என்று இரண்டே வரியில் அறிக்கை வந்தது. அதைக் கேட்டதும் அவருடைய வீட்டில் ஒரு சாரார் அறுவை சிகிச்சைக்கு விடுப்பு எடுப்பது பற்றியும், மற்றொரு சாரார் புத்தூர் கட்டுக்கு வண்டி பிடிப்பது பற்றியும் பேசத் தொடங்கிவிட்டனர். அடியே படாத கையில் முறிவு எப்படி வந்தது என்ற கேள்வியை அந்த அறிக்கை எழுப்பவேயில்லை. எழுதியவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதே ஐயம். ஏனெனில் அங்கே அவரிடம் கேட்கப்பட்டவை பெயரும், வயதும், கைப்பேசி எண்ணும் மட்டுமே.

சிலருக்கு இயல்பான எலும்புகளைத் தவிரத் தனியாக அமைந்திருக்கும் கூடுதல் எலும்புகள் முழங்கையைச் சுற்றி இருப்பது அரிது. பாதத்திலும் கணுக்காலிலும் இத்தகைய சிற்றெலும்புகள் அடிக்கடி தென்படுவதால், அங்கே அவற்றைக் காணும் கதிரியக்க மருத்துவர் பெரிதாகத் திடுக்கிடுவதில்லை. முழங்காலின் பின்புறத்தில் இருக்கும் ஃபபெல்லா என்னும் சிற்றெலும்பும் அப்படியே. முழங்கையிலோ அவற்றை எதிர்பார்த்துப் படத்தைப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால், தனித்து நிற்கும் எந்தச் சிறு எலும்பும் முதலில் முறிவாகவே கண்ணில் படுகிறது. பெயர் பெற்ற வகைகள் சிலவே. மேற்கை எலும்பான ஹியூமரஸின் கீழ்முனையில், பின்புறமாக உள்ள குழியில் அமர்ந்திருப்பதை ஆஸ் சுப்ராட்ரோக்லியேர் டார்சேல் என்பார்கள். முன்புறக் குழியிலும் இதே போன்ற ஒன்று இருக்கலாம். முழங்கையின் பின்னால், டிரைசெப்ஸ் தசைநாணுக்குள், முட்டெலும்புக்குச் சற்று மேலே இருப்பது பட்டெல்லா க்யூபிட்டி, அதாவது முழங்கால் சிப்பியைப் போல முழங்கைக்கு அமைந்த ஒரு சிப்பி. உட்பக்கத்துப் புடைப்பான மீடியல் எபிகான்டைலுக்குக் கீழே காணப்படும் சிற்றெலும்பு இன்னொரு வகை.

இவற்றுள் மைத்துனருக்கு இருந்தது முதலாவது வகை என்பது பின்னால் தெரியவந்தது. அது ஏன் கையை நீட்டவிடாமல் தடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மேசையில் கையை ஊன்றும்போது அழுந்தும் முட்டெலும்பை நினைத்துக்கொண்டால் போதும். ஒலிக்ரேனன் எனப்படும் அந்த முட்டு, கையை மடக்கும்போது பின்குழியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. கையை நீட்டும்போது அதே குழிக்குள் சென்று பொருந்துகிறது. குழிக்குள் ஏற்கெனவே ஒரு சிற்றெலும்பு குடியிருந்தால், கதவிடுக்கில் மாட்டிய கூழாங்கல்லைப் போல அது கடைசிச் சில பாகைகளை மறித்துவிடும். பந்து வீசுபவர், எடை தூக்குபவர், சுத்தியல் பிடிப்பவர் போன்றோர் கையை வேகமாக நீட்டும் ஒவ்வொரு முறையும் முட்டெலும்பு அதன்மேல் மோதுவதால், நாளடைவில் சிற்றெலும்பு கெட்டிப்பட்டு, குழியும் அகன்றுபோகக்கூடும். பதிவாகியுள்ளவர்களில் ஆண்கள் மிகுதி. அதிகம் புழங்கும் கையிலேயே இது பெரும்பாலும் காணப்படுகிறது. முழங்கை முழுமையாக நீளாதவர் என்றதும் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு முத்தையா முரளிதரன் நினைவுக்கு வருவார். அவருடையது பிறவியிலேயே அமைந்த வளைவு, இந்தக் கூடுதல் எலும்போடு அதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

இப்போது மையத்துக்கு வருகிறேன். வரவேற்பில் பணம் கட்டியதும் கொடுக்கப்படும் படிவத்தில், எந்த மூட்டு, எந்தப் பக்கம் என்பதோடு நில்லாமல், அடிபட்டதா, எப்போதிலிருந்து, கை மடங்குவதில் சிரமமா நீளுவதில் சிரமமா, இதற்கு முன் எடுத்த படங்கள் உண்டா என்ற கேள்விகளும் இருக்கின்றன. சென்னையில் நான் பார்த்த பல இடங்களில் இத்தனை கேள்விகள் கிடையாது. அந்தப் படிவம் படத்தோடு சேர்ந்தே மருத்துவரின் மேசைக்குப் போகிறது என்பதையும் பிறகு கவனித்தேன்.

எக்ஸ்-ரே அறையில் இருந்த டெக்னீஷியன் இளம்பெண். மைத்துனரின் காப்பையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டி, மேற்கையில் கறுப்புக் கயிற்றில் கட்டியிருந்த வெள்ளித் தாயத்தைக் கண்டுபிடித்தார். அதை அவிழ்ப்பதா என்று மைத்துனர் தயங்கியபோது, “அண்ணா, இது படத்துல எலும்பு மாதிரியே வெள்ளையா விழும், அப்புறம் அதையும் ஒரு துண்டுன்னு எழுதிடுவாங்க” என்று சிரிக்காமல் சொன்னார். பக்கவாட்டுப் படத்துக்காக அவரைத் தாழ்வான நாற்காலியில் உட்காரவைத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் மேசையின் ஒரே மட்டத்தில் கிடக்கும்படி செய்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கும்படி பிடிக்கச் சொன்னார். இது அற்பமான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் தோள் சற்று உயர்ந்துவிட்டாலும் ஹியூமரஸ் சாய்ந்து விழுந்து, முன்குழியும் பின்குழியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிவிடும். சரியாக எடுத்த படத்தில் மட்டுமே அந்த இரு குழிகளின் விளிம்புகளும் சேர்ந்து கண்ணீர்த்துளி போன்ற கோட்டுருவமாகத் தெரியும். பின்குழியில் ஒளிந்திருக்கும் சிற்றெலும்பு கண்ணில் படுவதும் அப்போதுதான். முதல் மையத்தின் படத்தில் அந்த உருவம் இல்லவே இல்லை. சாய்ந்த படத்தில் குழியின் எலும்பு முட்டெலும்பின் விளிம்போடு ஒட்டித் தெரிந்ததால் முறிவு என்று எழுதிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நேர்ப்படத்துக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. கை முழுமையாக நீளாதவருக்கு, அதை வலுக்கட்டாயமாக அழுத்தி நீட்டி ஒரே படமாக எடுப்பது வலியை மட்டுமே தரும். மேற்கையைப் பலகையில் படியவைத்து ஒன்றும், முன்கையைப் படியவைத்து ஒன்றும் என இரண்டு படங்களாக எடுப்பதே முறை. இங்கே யாரும் சொல்லாமலே அப்படி எடுத்தார்கள். கூடுதல் படத்துக்குத் தனிக் கட்டணமும் இல்லை. கதிர்வீச்சைப் பற்றி அஞ்சுவோருக்காக ஒரு வார்த்தை: முழங்கை எக்ஸ்-ரே ஒன்றிலிருந்து கிடைக்கும் அளவு, ஒரே நாளில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் உடல் இயல்பாகப் பெறுவதைவிடக் குறைவு.

எக்ஸ்-ரேயைப் பார்த்த மருத்துவர், அடுத்ததாக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுவார் என்றே நான் எதிர்பார்த்தேன். ஏனெனில் அந்த மையத்தின் படிக்கட்டு முழுவதும் எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமையைச் சொல்லும் டெஸ்லா எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட சுவரொட்டிகள்தாம். அவர் சி.டி. போதும் என்றார். சிறு எலும்பின் விளிம்பு எப்படி இருக்கிறது, அது குழிக்குள் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் வெட்டிப் பார்க்கும் சி.டி.யே தெளிவான விடை தரும், எம்.ஆர்.ஐ.யில் அத்தகைய கெட்டியான சிற்றெலும்பு கறுப்பாக விழுந்து, சுற்றியுள்ளவற்றோடு கலந்து தவறிப்போவதும் உண்டு. எலும்புக்குள் நீர்கோத்திருக்கிறதா, குருத்தெலும்பு கெட்டிருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால் அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னது, அதிக விலையுள்ள பரிசோதனையை விற்கும் வாய்ப்பைக் கைவிட்டுச் சொன்னதாகும். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சி.டி.க்குக் குப்புறப் படுத்து, வலது கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொள்ள வேண்டும். கையை உடம்போடு ஒட்டி வைத்தே எடுத்து முடித்துவிடும் இடங்கள் இருக்கின்றன. அப்படி எடுத்தால் உடலின் அகலமும் சேர்ந்து படத்தில் கோடுகோடாகக் குழப்பம் விழும், கதிர்வீச்சும் தேவையின்றி வயிற்றுக்கும் மார்புக்கும் போகும். தோள்வலி உள்ளவர்களுக்கு அந்தப் படுக்கை கடினம் என்பதால், இவர்கள் தோளுக்கு அடியிலும் மணிக்கட்டுக்கு அடியிலும் மெத்தைத் துண்டுகளைக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

அறிக்கைதான் இந்த மையத்தின் சிறப்பு. பின்குழியில் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் அளவில், சுற்றிலும் வழவழப்பான விளிம்போடு கூடிய தனி எலும்பு இருக்கிறது. முட்டெலும்பில் அதற்கு ஈடான பள்ளமோ, துண்டு பெயர்ந்த தடமோ இல்லை. குழி சற்று அகன்று, சிற்றெலும்பு கெட்டிப்பட்டிருப்பதால் நெடுநாள் மோதலுக்கான அடையாளம் தெரிகிறது. எனவே ஆஸ் சுப்ராட்ரோக்லியேர் டார்சேல் என்று கொள்வதே பொருத்தம். இத்தோடு நிறுத்தியிருந்தாலும் நல்ல அறிக்கைதான். அடுத்த வாக்கியத்தில், மூட்டுக்குள் எப்போதோ பெயர்ந்து, மூட்டுநீரில் ஊட்டம் பெற்று வளர்ந்து, குழியில் வந்து தங்கிவிட்ட துண்டும் பல ஆண்டுகள் கழித்து இதே தோற்றத்தைப் பெறலாம் என்பதால், அதை முற்றிலும் விலக்க இயலாது என்றும் எழுதியிருந்தார். இதில்தான் அவருடைய நேர்மையைக் கண்டேன். பின்குழியில் இருக்கும் இத்தகைய எலும்புகள் உண்மையிலேயே பிறவியில் அமைந்த கூடுதல் எலும்புகளா, அல்லது பழைய துண்டுகளா என்பதில் மருத்துவர்களிடையே இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. விளிம்பு வழவழப்பாக இருந்தால் கூடுதல் எலும்பு, கூராக இருந்தால் முறிவு என்ற பாலபாடம் புதிய முறிவுக்குத்தான் பொருந்தும். ஆறாமல் நின்றுபோன பழைய முறிவின் துண்டும் காலப்போக்கில் வழவழப்பாகிவிடும். மற்ற மூட்டுப் பரப்புகள் சீராக உள்ளன, வேறு துண்டுகள் இல்லை என்பதையும் தனியே குறிப்பிட்டிருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட சிறு உருண்டைகள் கிடந்தால் மூட்டுச் சவ்வின் நோயான சைனோவியல் காண்ட்ரோமடோசிஸைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதால் அந்த ஒரு வரி தேவையானது.

என்ன செய்ய வேண்டும் என்று அறிக்கை சொல்லவில்லை, சொல்லாததே சரி. வலி இல்லாதவருக்கு இந்த எலும்பு வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டுப் போகலாம். வலியும் தடையும் உள்ளவருக்கு முதலில் பந்துவீச்சை நிறுத்தி ஓய்வும் பயிற்சியும், அதற்கும் அடங்காவிட்டால் சிறு துளை வழியே மூட்டுக்குள் கேமரா செலுத்தும் ஆர்த்ராஸ்கோப்பி மூலம் அகற்றுதல் என்ற முடிவை எலும்பு மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மைத்துனர் இப்போது முதல் கட்டத்தில் இருக்கிறார்.

வேறு வகை எலும்புகளுக்காகவும் இந்த மையத்துக்கு ஆட்களை அனுப்பியிருக்கிறேன். பட்டெல்லா க்யூபிட்டி முட்டெலும்பின் நுனி முறிந்ததைப் போலவே தோன்றும்; டிரைசெப்ஸ் நாண் எலும்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டதோ என்று அஞ்சவைக்கும். அதற்குப் படத்தைவிட முக்கியமான சோதனை, புவியீர்ப்புக்கு எதிராகக் கையை நீட்ட முடிகிறதா என்பதுதான். இந்த மையத்தில் மருத்துவரே வெளியே வந்து அதைச் செய்து பார்த்தார்.

சிறுவர்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். முழங்கையைச் சுற்றி ஆறு இடங்களில், ஏறத்தாழ 1 வயதிலிருந்து 11, 12 வயது வரை ஒன்றன்பின் ஒன்றாக எலும்புப் புள்ளிகள் தோன்றி, பதின்பருவத்தில் படிப்படியாக எலும்பின் தண்டோடு இணைகின்றன. இவற்றுள் ஹியூமரஸின் கீழ்முனையில் உள்ள ட்ரோக்லியா என்னும் பகுதி இயல்பாகவே பல துணுக்குகளாகத் தோன்றும். உட்புடைப்பு இணைவதற்குத் தாமதமாகும். இவை எதுவுமே முறிவும் அல்ல, கூடுதல் எலும்பும் அல்ல. அதே சமயம், கோச்சிங் முகாம்களில் நாள்தோறும் பந்து வீசும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு உட்புடைப்பு உண்மையாகவே இழுபட்டுப் பிரிவதும் உண்டு என்பதால், கூடுதல் எலும்பு என்று அசட்டையாக விட்டுவிடவும் கூடாது. மற்றக் கையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் எடுப்பது இத்தகைய நேரங்களில் உதவும். இங்கே அதை எல்லோருக்கும் வழக்கமாக எடுத்துக் கட்டணம் வாங்குவதில்லை. மருத்துவர் முதல் படத்தைப் பார்த்த பிறகே, தேவைப்பட்டால் மட்டும் எடுக்கிறார்கள்.

இனிக் குறைகள். மைத்துனரின் சி.டி. அறிக்கையில் உள்ளடக்கம் முழுவதும் சரியாக இருக்க, தலைப்பில் மட்டும் ‘இடது முழங்கை’ என்று அச்சாகியிருந்தது. தட்டச்சுப் பிழைதான், போன் செய்ததும் திருத்தித் தந்தார்கள். ஆனால் ‘சின்ன மிஸ்டேக் சார்’ என்று வரவேற்பில் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பக்கம் மாறிய அறிக்கை அறுவை சிகிச்சை அரங்கு வரை போனால் என்னவாகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெயர், பக்கம், தேதி மூன்றையும் அங்கேயே நின்று சரிபார்த்துவிட வேண்டும்.

படங்களைத் தரும் முறையும் பழையது. ஒரு பெரிய ஃபிலிமில் இருபது சிறு கட்டங்களாக அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் எலும்பு அதில் கடுகளவு புள்ளியாகத்தான் தெரிகிறது. முழுப் படத்தொகுப்பையும் கணினியில் உருட்டிப் பார்க்கும்படி குறுந்தட்டில் கேட்டால் தனிக் கட்டணம். பென் டிரைவ் கொண்டுபோனால் வைரஸ் வரும் என்று மறுக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது திரையைக் கைப்பேசியில் பிடித்த படத்தை. எலும்பு மருத்துவர் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கட்டணம் போனாலும் தட்டை வாங்கிக்கொள்வதே நல்லது. வரவேற்பில், யார் அனுப்பினார்கள் என்று இரண்டு பேர் அடுத்தடுத்துக் கேட்பதும், தானாக வந்தேன் என்றால் முகம் மாறுவதும் களையப்பட வேண்டியவை. லிஃப்ட் கிடையாது, முழங்கைக்கு வருபவர்கள் படியேறிவிடலாம், முழங்காலுக்கு வருபவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெருக்குகிறது. வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதால், மூட்டுக்காரர்கள் கடைசியில்தான் அழைக்கப்படுகிறார்கள். அந்த நேரத்தில் படங்களை வேறிடத்திலிருந்து இணையம் வழியாகப் படிக்கும் மருத்துவர் எழுதுகிறார். அந்த அறிக்கைகள் சரியானவைதான், ஆனால் சுருக்கமானவை. நேரில் இருக்கும் மருத்துவர் காலை வேளையில் மட்டுமே வருகிறார். கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டித் தமிழில் விளக்குகிறார். கேட்காவிட்டால் அறிக்கை உறையில் வந்துவிடும்.

எக்ஸ்-ரேக்குச் சில நூறும், சி.டி.க்குச் சில ஆயிரமும் ஆகின்றன. சுற்றுவட்டார மையங்களோடு ஒப்பிட்டால் கூடவும் இல்லை, குறைவும் இல்லை. இவ்வளவு செலவழிக்க இயலாதவர்கள், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் செல்லலாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்ட் கதிரியக்கவியல் நிறுவனம் அங்கேதான் இயங்குகிறது, காத்திருக்கப் பொறுமை மட்டும் வேண்டும். ஆற்காடு சாலைக்கே வருவதானால், காலையில் வருவதோடு, பரணில் கிடக்கும் பழைய எக்ஸ்-ரே எதுவானாலும் தேடி எடுத்து வர வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே எலும்பு அதே இடத்தில் இருந்தால், அது புதிய முறிவு அல்ல என்று உறுதிப்படுத்த அந்தப் பழைய படமே போதும்; அதைப் பார்த்துவிட்டுச் சி.டி. தேவையில்லை என்று ஒருவரை இந்த மருத்துவர் திருப்பி அனுப்பியதும் உண்டு.